இரும்பைச் சீவிய 26 ஆண்டுகள்

பொறியியல் புலத்தில் படிக்கும் எங்களுக்குப் பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் இரண்டு முறை அறிமுகமாகிறார். உற்பத்தித் தொழில்நுட்பப் பாடத்தில் அவர் ஒரு சூத்திரம், அதோடு சரி. பிறகு நிர்வாகவியல் பாடத்தில், அறிவியல்முறை நிர்வாகத்தின் தந்தை என்ற பட்டத்தோடு, கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அரைப் பக்கத்தில் வந்து போவார். வணிகவியல், பொருளாதாரம் பயிலும் நண்பர்களுக்கு இந்த இரண்டாம் டெய்லரை மட்டுமே தெரியும். இருவரும் ஒருவரே என்பதை நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் ஆண்டிதழில் மொழிக்கும் இனத்திற்கும் உழைத்த பெருமக்களின் வாழ்க்கையை எழுதுவதே வழக்கம். ஓர் அமெரிக்க மெக்கானிக்கின் கதை இங்கே எதற்கு என்று ஆசிரியர் குழுத் தோழி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைக் கட்டுரையின் நடுவே வைத்திருக்கிறேன். பொறுமையோடு படியுங்கள்.

டெய்லர் 1856ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த ஜெர்மன்டவுனில் பிறந்தார். வசதியான குவேக்கர் குடும்பம். தந்தை வழக்கறிஞர். தாயார் அடிமை முறை ஒழிப்பில் ஈடுபாடு கொண்டவர். எதையும் சோதித்துப் பார்க்கும் குணம் பிள்ளைக்கு இளமையிலேயே இருந்தது. மல்லாந்து படுப்பதால்தான் கெட்ட கனவு வருகிறது என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, தூக்கத்தில் புரண்டு மல்லாந்தால் முதுகில் குத்தி எழுப்பும்படி வாராலும் மரமுனைகளாலும் ஒரு கருவி செய்து, அதைக் கட்டிக்கொண்டு படுத்தாராம்! அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு பெற்றோர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1874இல் ஹார்வார்டு நுழைவுத் தேர்வில் சிறப்பாகத் தேறினார். ஆனால், இரவெல்லாம் விளக்கடியில் படித்ததில் கண் கெட்டுவிட்டது என்று காரணம் சொல்லி, பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. வழக்கறிஞரின் மகன் பிலடெல்பியாவில் ஒரு சிறிய பம்பு தயாரிக்கும் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். முதல் ஆண்டு சம்பளமே இல்லை. நான்கு ஆண்டுகள் அங்கே அச்சுமாதிரி செய்யவும் கடைசல் பிடிக்கவும் கற்றார். 1878இல் மிட்வேல் எஃகு ஆலைக்குப் போனபோது நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம். கற்ற தொழிலுக்கு இடம் கிடைக்காமல் கூலியாளாகத்தான் நுழைந்தார். கொஞ்ச நாளில் கடைசல் இயந்திரத்துக்கு வந்தார். பிறகு குழுத் தலைவர், போர்மேன் என்று உயர்ந்து, ஆறே ஆண்டுகளில் தலைமைப் பொறியாளர் ஆனார். இதற்கு நடுவே வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1883இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1881இல் அமெரிக்கத் தேசிய டென்னிஸ் போட்டியில் இரட்டையர் பட்டமும் வென்றார். கண் எப்போது சரியானது என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

மிட்வேலில் அவர் குழுத் தலைவரானதும் தொழிலாளர்களோடு சண்டை தொடங்கியது. அங்கே செய்து முடிக்கும் உருப்படிக்கு ஏற்பக் கூலி. ஆனால், அதிகம் செய்து காட்டினால் முதலாளி ஓர் உருப்படிக்கான கூலியைக் குறைத்துவிடுவார். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். செய்யக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் செய்தார்கள் என்பது டெய்லரின் கணக்கு. அவரும் இயந்திரத்தில் நின்றபோது அந்த எல்லையை மீறவில்லை. பதவி மாறியதும் பக்கம் மாறினார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் போராட்டம். இயந்திரங்கள் மர்மமாக உடைந்தன. உடைத்தவர் தாமே கட்ட வேண்டும் என்று இவர் அபராதம் போட்டார். இரயில் பாதை ஓரமாக இரவில் தனியே நடந்து வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நண்பர்கள் எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. முடிவில் இவர் வென்றார். ஆனால், நாள் முழுதும் பகைமுகங்களைப் பார்த்து வாழ்வது கொடுமை என்பதையும் உணர்ந்தார்.

அந்தச் சண்டையில் அவருக்கு உறுத்தியது ஒன்று. ஒரு வேலையை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது தொழிலாளிக்குத் தெரியும், போர்மேனுக்குத் தெரியாது. தெரியாதவன் தெரிந்தவனை எப்படி விரட்டுவது? இந்த இடத்தில்தான் அவருடைய ஆய்வு பிறக்கிறது. 1880இல், ஆலைத் தலைவர் வில்லியம் செல்லர்ஸிடம் அனுமதி கேட்டார். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். முடிக்க 26 ஆண்டுகள் ஆயின.

கலைப்புல நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பென்சில் சீவியில் பிளேடு அசையாமல் இருக்கும்; நாம் பென்சிலைச் சுழற்றுவோம். கடைசல் இயந்திரமும் அப்படித்தான். இரும்புத் துண்டு சுழலும். அதன்மீது ஒரு வெட்டுளி அழுத்தி நின்று சுருள் சுருளாகச் சீவும். கடைசல்காரர் ஒவ்வொரு வேலைக்கும் முன்பு மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும். எந்த உளி? எவ்வளவு வேகம்? ஒவ்வொரு சுற்றுக்கும் உளி எவ்வளவு நகர வேண்டும்? வேகத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உளிமுனை சூடேறி மழுங்கும். குறைத்தால் உளி பிழைக்கும், நேரம் போய்விடும். இதற்கு விடை அன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரவர் கையிலும் கண்ணிலும் இருந்தது.

டெய்லருக்கு 66 அங்குல விட்டமுள்ள ஒரு பெரிய இயந்திரம் கிடைத்தது. அதில் இரயில் இஞ்சின் சக்கரத்தின்மேல் பூட்டும் தடித்த எஃகு வளையங்களை ஏற்றி, நாள்தோறும் சீவித் தள்ளினார். ஏன் அந்த வளையம்? அதன் எஃகு எல்லா இடத்திலும் ஒரே கடினம் கொண்டது. இன்று ஓர் உளியையும் நாளை வேறோர் உளியையும் சோதித்தால், வேறுபாடு உளியில்தான் இருக்கும், இரும்பில் இருக்காது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் மாறாமல் பிடித்துக்கொள் என்ற பாடம் நமக்கு இன்று முதலாமாண்டு ஆய்வுக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. ஒரு பட்டறைக்குள் அதைப் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பது அன்று புதுமை.

அளவுகோல் எது என்பதைக் கண்டுபிடிக்கவே அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஐரோப்பாவில் அவருக்கு முன்பு ஆராய்ந்தவர்கள் உளிமீது விழும் அழுத்தத்தை அளந்தார்கள். அதனால் பட்டறைக்குப் பயனில்லை என்று இவர் கண்டார். கடைசியாக அவர் பிடித்த அளவு இது: ஒரே சீரான வேகத்தில் சீவிக்கொண்டே போனால், சரியாக 20 நிமிடத்தில் உளி நாசமாக வேண்டும், அந்த வேகம் எது? அதுதான் அந்த உளியின் மதிப்பு. நன்றாகக் கவனியுங்கள். உளியை அழித்துத்தான் உளியை அளந்தார்.

விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. அன்று எல்லாரும் பயன்படுத்திய கூர்முனை உளியைவிட, முனை வளைந்த உளி அதிக வேகம் தாங்கும் என்பது 1881இல் தெரிந்தது. வேகமாக ஓட்டி மெல்லியதாகச் சீவுவதைவிட, நிதானமாக ஓட்டித் தடிமனாகச் சீவினால் அதிக இரும்பு கழியும் என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. 1883இல், சீவல் பிரியும் இடத்திலேயே தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு கூட்டலாம் என்று கண்டார். வெறும் தண்ணீர்! மறு ஆண்டே மிட்வேலில் கட்டிய புதிய பட்டறையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் துருப்பிடிக்காத சோடாக் கரைசல் குழாயில் வந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். பல ஆண்டுகளுக்கு அதைப் பின்பற்றியவர்கள் அரிது.

எங்கள் பாடநூலில் வரும் சூத்திரம் இந்த 20 நிமிடச் சோதனைகளின் குழந்தை. எழுத்துகளை விட்டுவிட்டு அதன் பொருளை மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்து உளிகளுக்கு, வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் உளியின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆயுள் 256இல் ஒரு பங்காகும். ஒரு மணி நேரம் உழைக்கும் உளி 14 விநாடியில் தீர்ந்துவிடும். முதன்முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். மாறவில்லை.

இனித் தோழியின் கேள்விக்கு வருகிறேன். என் தாத்தா 1962 முதல் 1999 வரை செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அப்பா பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இப்படி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இரயிலை நம்பி வாழ்ந்தன. படிக்கும் உங்களில் சிலருடைய தாத்தாவும் அங்கே இருந்திருக்கக்கூடும். என் தாத்தாவின் வேலை சக்கரம் கடைவது. ஓடித் தேய்ந்த சக்கரத்தை மறுபடி உருவத்துக்குக் கொண்டுவருவது. டெய்லர் சோதனைக்கு எடுத்த வளையத்துக்கு இது நெருங்கிய உறவு!

இப்போது தாத்தா எங்களோடு கிள்ளானில் இருக்கிறார். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஏழெட்டு உளிகள். எல்லாம் அவரே சாணைக்கல்லில் தீட்டியவை. வேலை பார்த்த காலத்தில் அவற்றை இன்னொருவர் தொட விடமாட்டாராம். எத்தனை பாகை சரிவு என்று கேட்டேன். பாகையெல்லாம் தமக்குத் தெரியாது, பிடித்தால் கைக்குத் தெரியும் என்றார். சீவல் வைக்கோல் நிறத்தில் வந்தால் நிம்மதி. பழுப்பாக வந்தால் கவனம். கருநீலமானால் உளி போகப் போகிறது என்று பொருள். இதுதான் அவருடைய பாடத்திட்டம்.

ஓர் உளியைக் கேட்டு வாங்கிப் போய் ஆய்வுக்கூடத்தில் அளந்தேன். முனை, டெய்லர் சொன்னபடியே வளைந்திருந்தது. இரும்பில் உரசாமல் இருக்க உளியின் அடிப்புறம் விடும் சரிவு 10 பாகை இருந்தது. டெய்லரின் அட்டவணையைப் பார்த்தேன். 6 பாகை என்றிருந்தது. தாத்தா கோட்டைவிட்டாரா என்று மேலும் படித்தேன். டெய்லரே அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறார். 6 பாகை, உளி தீட்டுவதற்கென்று தனி ஆளும் இயந்திரமும் உள்ள பட்டறைக்கு. கடைசல்காரர் தம் கையால் தீட்டிக்கொள்ளும் பட்டறையில் 9 முதல் 12 பாகை வரை வேண்டும். தாத்தா டெய்லரின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இந்தச் செய்தியை அவரிடம் சொன்னபோது பெரிதாக வியக்கவும் இல்லை. வெள்ளைக்காரன் சரியாகத்தான் அளந்திருக்கிறான் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, உளியைத் திருப்பி வாங்கி டின்னில் வைத்துக்கொண்டார்.

அந்த உளியின் எஃகுக்கும் ஒரு கதை உண்டு. டெய்லர் வாழ்க்கையின் சிறந்த பகுதி அதுதான் என்பேன். பட்டறைகளில் எச்.எஸ்.எஸ். என்று சொல்லும் அதிவேக எஃகு அவராலும் அவருடைய நண்பர் ஒருவராலும் வந்தது.

1890இல் மிட்வேலை விட்ட டெய்லர், பல ஆலைகளுக்கு ஆலோசகராக இருந்து, 1898இல் பெத்லகேம் எஃகு ஆலைக்கு வந்தார். அப்போது பட்டறைகளில் இரண்டு வகை உளி எஃகு இருந்தது. ஒன்று பழைய கரிம எஃகு. மற்றொன்று 1868 வாக்கில் ராபர்ட் மஷெட் என்ற ஆங்கிலேயர் டங்ஸ்டன் சேர்த்து உருவாக்கிய, தானே கடினமாகும் எஃகு. பெத்லகேமுக்கென்று ஒரே ரகத்தைத் தேர்ந்தெடுக்க எண்ணி, பலவற்றைச் சோதித்து ஒன்றை முடிவு செய்தார் டெய்லர். அதைப் போர்மேன்கள் கண்முன்னே நிரூபிக்க ஒரு நாள் குறித்தார். கூட்டம் கூடியது. இயந்திரம் ஓடியது. அவர் தேர்ந்தெடுத்த உளிகள் பழைய கரிம உளிகளைவிட மோசமாக விழுந்தன!

வேறொருவராக இருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். டெய்லரும் உலோகவியலாளர் மான்சல் ஒயிட்டும், கொல்லுலையில் உளியை அளவுக்குமேல் சூடாக்கிக் கெடுத்திருப்பார்கள் என்று சந்தேகித்தார்கள். சந்தேகத்தைச் சோதிக்க வேண்டும். உளிகளைப் படிப்படியாகக் கூடிய வெப்பத்தில் வேண்டுமென்றே காய்ச்சி, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே, செர்ரிப் பழச் சிவப்பைத் தாண்டி ஏறக்குறைய 840 முதல் 930 பாகை செல்சியஸ் வரை காய்ச்சிய உளிகள் கெட்டுப்போயின. கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததும் அதுதான். அதற்குமேல் போகாதே, உளி பாழ். பொதுவாக யாரும் போனதும் இல்லை. இவர்கள் போனார்கள். 940 பாகையைத் தாண்டியதும் உளி மறுபடி நல்லதாகத் தொடங்கியது. வெப்பம் ஏற ஏற மேலும் நல்லதாயிற்று. 1,200 பாகையைக் கடந்து, முனை உருகப் போகும் நிலைவரை காய்ச்சிய உளி எல்லாவற்றையும் வென்றது. முனை மங்கிய சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும்போதும் அது இரும்பை வெட்டியது.

பலன் சிறிதன்று. பெத்லகேமின் பெரிய பட்டறையில் சராசரி வெட்டு வேகம் நிமிடத்துக்கு 8 அடி 11 அங்குலமாக இருந்தது. 1901இல் 25 அடி 3 அங்குலம் ஆயிற்று. மணிக்குச் சீவிக் கழிக்கும் இரும்பு 31 பவுண்டிலிருந்து 137 பவுண்டுக்கு உயர்ந்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு பெரிய கடைசல் இயந்திரத்தை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். நீல நிறத்தில் சுடச்சுடச் சீவல் பறந்தது. ஐரோப்பியப் பொறியாளர்கள் வாயடைத்து நின்றார்கள். பழைய இயந்திரங்கள் இந்த உளியின் வேகத்தைத் தாங்கவில்லை. இயந்திரங்களையே வலுவாக மறுவடிவமைக்க வேண்டியதாயிற்று. 1901இல் கிடைத்த காப்புரிமையை 1909இல் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது தனிக் கதை. அதற்குள் உலகம் முழுதும் அந்த எஃகைச் செய்யக் கற்றுக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வனேடியம் 1 விழுக்காடு என்ற கலவை நிலைபெற்றது. தாத்தாவின் டின்னில் உறங்குவது இந்தப் பரம்பரைதான்.

இது வரை நான் டெய்லரின் ரசிகன். இனிமேல் அப்படி முழுமனதாகச் சொல்ல முடியவில்லை.

எஃகு கிடைத்துவிட்டது. ஆனால், எந்த வேலைக்கு எந்த வேகம் என்ற பழைய கேள்வி அப்படியே நின்றது. அதைத் தீர்மானிக்கும் காரணிகள் பன்னிரண்டு என்று டெய்லர் எண்ணிச் சொன்னார். இரும்பின் கடினம், உளியின் எஃகு, சீவலின் தடிமன், உளிமுனையின் வடிவம், தண்ணீர் என்று அந்தப் பட்டியல் நீளும். கணித அறிஞர்கள் பலர் கைவிரித்த இந்தச் சிக்கலை, நார்வேயில் பிறந்த கார்ல் பார்த் என்பவர் ஸ்லைடு ரூலாக மாற்றினார். கால்குலேட்டர் வருவதற்கு முன்பு பொறியாளர்கள் கையில் இருந்த, நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல் அது. கணிதம் தெரியாதவரும் அரை நிமிடத்தில் விடை எடுக்கலாம்.

ஆனால் அந்த அளவுகோல் கடைசல்காரர் கையில் கொடுக்கப்படவில்லை. திட்டப் பிரிவு என்று ஓர் அறை உண்டாயிற்று. அங்கே உட்கார்ந்தவர் அளவுகோலை நகர்த்தி, வேகம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று அட்டையில் எழுதி அனுப்புவார். உளி தீட்டுவதும் தனி அறைக்குப் போயிற்று. கடைசல்காரர் அட்டையில் உள்ளபடி செய்தால் கூடுதல் கூலி கிடைக்கும். கூலி கூடியது உண்மை. டெய்லர் அதில் ஏமாற்றவில்லை. ஆனால் என் தாத்தாவைப் போன்றவர் அந்தப் பட்டறையில் என்ன செய்வார்? டின்னை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டியதுதான்.

கடந்த ஆண்டு பண்டமாரானில் ஒரு பட்டறையில் எனக்குத் தொழிற்பயிற்சி. கணினி ஓட்டும் இயந்திரங்கள். வேகமும் நகர்வும் முன்பே எழுதப்பட்டவை. இத்தனை உருப்படிக்கு ஒருமுறை வெட்டுமுனையை மாற்ற வேண்டும் என்பதும் எழுதப்பட்டது. அங்கே வங்காளதேசத்துத் தொழிலாளர் ஒருவர், எண்ணிக்கை முடியும் முன்பே சில சமயம் இயந்திரத்தை நிறுத்தி முனையை மாற்றுவார். சத்தம் மாறிவிட்டது என்பார் உடைந்த மலாயில். கழற்றிய முனையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. முன்கூட்டி மாற்றியதற்கான காரணத்தை எழுத உற்பத்தித் தாளில் ஒரு கட்டம் இல்லை. டெய்லர் காலத்து அட்டைக்கும் அந்தத் தாளுக்கும் அதிக தூரமில்லை. நாளை பட்டம் வாங்கிய பின் அந்தத் தாளைத் தயாரிக்கும் அறையில்தான் எனக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கும் வேலை.

டெய்லர் உலோகத்தைச் சோதித்த நேர்மையோடு மனிதனைச் சோதித்தாரா? இல்லை என்றே சொல்வேன். பெத்லகேமில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து வண்டியில் ஏற்றிய ஒருவரை, நாளைக்கு பன்னிரண்டரை டன்னிலிருந்து 47 டன் வரை ஏற்ற வைத்ததாகத் தம் நூலில் பெருமையோடு எழுதினார். கூலி 1 டாலர் 15 காசிலிருந்து 1 டாலர் 85 காசாயிற்று. உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. அந்தத் தொழிலாளிக்கு ஷ்மிட் என்று புனைபெயர் கொடுத்தார். உண்மைப் பெயர் ஹென்றி நோல். பின்னாளில் ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டி, அந்தக் கதை பல இடங்களில் மிகைப்படுத்தப்பட்டது என்று காட்டினார்கள். களைப்புக்காக இவ்வளவு நேரம் விடலாம் என்ற கணக்கும் ஊகம்தான். உளிக்கு ஆயிரக்கணக்கில் சோதனை, மனிதனுக்கு ஊகம்! உளியையாவது அழியும்வரை ஓட்டிப் பார்க்கலாம்.

பெத்லகேமிலிருந்து டெய்லர் 1901இல் வெளியேற்றப்பட்டார். அதன்பின் பணத்துக்காக வேலை பார்க்கவில்லை. 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, உலோகம் வெட்டும் கலை பற்றிய நீண்ட ஆய்வுரையை வெளியிட்டார். 30,000க்கும் 50,000க்கும் இடைப்பட்ட சோதனைகள். சீவிக் கழித்த இரும்பும் எஃகும் 8 லட்சம் பவுண்டு. செலவு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் டாலர். அதற்குப் பங்களித்த ஆலைகள் எல்லாம் 26 ஆண்டுகள் இரகசியம் காத்தன. அந்த உரையில் எனக்குப் பிடித்தது, தாம் எங்கெங்கே தடம் மாறினோம், எத்தனை ஆண்டு வீணானது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருப்பது.

1911இல் அறிவியல்முறை நிர்வாகம் பற்றிய அவருடைய நூல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையில் ஒரு வார்ப்புத் தொழிலாளியின் பின்னால் ஸ்டாப்வாட்சோடு ஆள் நின்றதும், வார்ப்புப் பிரிவினர் வேலையை விட்டு வெளியேறினார்கள். நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. குழுத் தலைவர் வில்லியம் வில்சன், ஒன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். 1912 ஜனவரியில் டெய்லர் நான்கு நாள் சாட்சியம் சொன்னார். முதலாளியும் தொழிலாளியும் பங்குக்குச் சண்டை போடாமல் மொத்தத்தைப் பெருக்க வேண்டும், அதற்கு இரு தரப்பிலும் மனமாற்றம் தேவை என்று அங்கே வாதிட்டார். அது அவர் உண்மையாகவே நம்பியது என்று நினைக்கிறேன். நம்பாதவர் அவ்வளவு கோபப்பட மாட்டார். விநோதம் என்னவென்றால், முதலில் டெய்லர் முறையைக் கண்டித்த லெனினே, 1918இல் சோவியத் ஆலைகளில் அதைக் கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்றார்.

1915 மார்ச் தொடக்கத்தில், அரசு ஆயுதச் சாலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளக்க நிதி தரப்படாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் விதி செய்தது. டெய்லர் அப்போது நிமோனியா கண்டு பிலடெல்பியா மருத்துவமனையில் இருந்தார். 20ஆம் நாள் அவருக்கு 59 வயது நிறைந்தது. நாள்தோறும் குறித்த நேரத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவருடைய பழக்கம். 21ஆம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, வழக்கமில்லாத நேரத்தில், அவர் சாவி கொடுக்கும் ஓசை கேட்டது. அரை மணி நேரம் கழித்துத் தாதி அறைக்குள் சென்று பார்த்தபோது உயிர் இல்லை.